மும்பையில் காசு கரையாத சாகசம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

சயான் கோலிவாடாவில் இருக்கிறேன். சொந்த ஊர் திசையன்விளை பக்கம். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன், கூடப் படிக்கிற பிள்ளைகள் ஜிப்லைன், கூடாரம் என்று போய்வந்த கதையைக் கேட்டு வந்து தினமும் நச்சரிக்கிறான். ஒரு ட்ரெக்கிங் குழுவில் விசாரித்தால் மூன்று பேருக்கு ஆறாயிரம் என்கிறார்கள். எனக்குக் கட்டுபடியாகாது. ஜூஹு, கேட்வே, மால் தவிர இந்த ஊரில் நாங்கள் எதையும் பார்த்ததில்லை. பக்கத்திலிருக்கும் சயான் கோட்டைக்குக்கூடப் போனதில்லை. செலவு இல்லாமல், அவன் வாய் பிளக்கிற மாதிரி ஏதாவது உண்டா? ஒரு கூடாரமாவது வாங்கிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

முருகேசன்

அன்புள்ள முருகேசன்,

அந்த ஆறாயிரம் உங்களிடமே இருக்கட்டும். மழைக்கால ஞாயிறுகளில் மலைக்கோட்டைப் படிக்கட்டில் முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்தபடி நிற்பதற்கு அது அதிகப்படியான காசு.

வீட்டில் தினசரி காலண்டர் இருக்கும்தானே? அதில் அமாவாசையும் பௌர்ணமியும் எப்போது வருகின்றன என்று பாருங்கள். அந்த நாட்களிலும் அடுத்த ஓரிரு நாளிலும் கடல் மிக உயரம் ஏறி, மிக ஆழம் வற்றும். நம் தென்கோடிக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் அளவுதான் வித்தியாசம். அதனால் நமக்கெல்லாம் இது பெரிதாகக் கண்ணில் படாமலே போய்விட்டது. மும்பையில் அது 5 மீட்டர் வரை போகும். ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் நடைபாதை பெரிய ஏற்றத்தின்போது தண்ணீருக்குள் போய்விடுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே இடத்தில் ஆறு மணி நேரம் கழித்துப் பாதையின் இரண்டு பக்கமும் கரும்பாறைத் தரை வெளியே வந்து கிடக்கும். உங்கள் பையனுக்கு நான் சொல்ல வருவது அந்தத் தரையைத்தான்.

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இங்கே கடல் நண்பகலை ஒட்டி ஏறும். காலை ஆறு, ஆறரை வாக்கில் வற்றியிருக்கும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். குளிர்காலத்தில் சூரியன் வரவே ஏழு தாண்டிவிடும் என்பதால், அமாவாசைக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ போனால் வெளிச்சமும் வற்றமும் ஒன்றாகக் கிடைக்கும். சரியான நேரத்தைப் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பாறையில் இறங்கினால் நடந்துகொண்டே இருக்காதீர்கள். ஒரு சின்னக் குட்டையைப் பார்த்துக் குந்துங்கள். முதல் இரண்டு நிமிடம் பாசியும் ஒரு பிளாஸ்டிக் உறையும் தவிர எதுவும் தெரியாது. பையன் 'போலாம்ப்பா' என்பான். கொஞ்சம் பொறுத்தால் ஒரு சங்கு நடக்க ஆரம்பிக்கும். உற்றுப் பார்த்தால் உள்ளே நண்டு. சொந்தமாக முழு ஓடு இல்லாததால் காலிச் சங்கில் குடியேறி, வளர வளர பெரிய சங்காகப் பார்த்து மாறிக்கொள்கிற வகை. பூ மாதிரி இருக்கும் விலங்கான கடல் சாமந்தி தன் கைகளை விரித்து வைத்திருக்கும், ஏதாவது பட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். பாறை மேல் பச்சை விரிப்பு மாதிரி பரவியிருப்பதும் உயிர்தான், மிதிக்காதீர்கள். அதிர்ஷ்டம் இருந்தால் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) ஒன்று நிறம் மாறிக்கொண்டே இடுக்கில் நழுவும். அவன் வாய் பிளக்கவில்லை என்றால் அப்புறம் என்னைக் கேளுங்கள்.

மராத்தியிலும் இந்தியிலும் சொல்லித்தந்து கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' என்று 2017-இல் சாதாரண ஜனங்கள் சேர்ந்து தொடங்கிய குழு கரை நடைகள் நடத்தி வந்திருக்கிறது. முதல் தடவை இப்படி யாராவது தெரிந்தவர்களோடு போவது நல்லது.

சில விஷயங்களில் கறாராக இருங்கள். ஹவாய் செருப்பு வேண்டாம், பழைய கேன்வாஸ் ஷூ போதும். வற்றம் முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கி, நீர் திரும்பத் தொடங்கியதும் கிளம்பிவிட வேண்டும். ஏற்றம் ஆரம்பத்தில் மெதுவாக வரும், நடுவில் இரண்டு மணி நேரம் வேகமெடுக்கும், அதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கூம்பு வடிவச் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடக்கூடாது, அதில் விஷ ஊசி உண்டு. பவளம் எடுப்பது 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாறைப் பக்கமே போகவேண்டாம்.

அதே காலை இன்னொரு காட்சியும் கிடைக்கும். உங்கள் ஜிடிபி நகர் ஸ்டேஷனிலிருந்து ஹார்பர் லைனில் வடாலாவுக்கு அடுத்தது சேவ்ரி. ஹாஜி அலியிலிருந்து பஸ்ஸோ டாக்ஸியோ பிடித்து ஒன்பது, ஒன்பதரைக்குள் அங்கே போய்விடுங்கள். குளிர்காலத்தில் வந்து மே வரை தங்கும் பூநாரைகள் அங்கே கடலோரச் சேற்றில் மேயும். நன்றாக வற்றியிருந்தால் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரியும். தண்ணீர் ஏற ஏற அவை கரையை நோக்கி நெருங்கி வரும். சேறு முழுக்க மூழ்கிவிட்டால் கிளம்பிவிடும். ஏறுகிற நேரத்தைப் பிடித்தால் பைனாகுலரே வேண்டாம். பக்கத்திலேயே அடல் சேது பாலம் கடலுக்குள் போகிறது, பையன் பறவையை விட்டுவிட்டு அதைப் பார்த்தாலும் திட்டாதீர்கள்.

படகு பிடிக்கும் என்றால் வர்சோவாவில் தொடங்குங்கள். சில ரூபாயில் பைக்கையும் மீன் கூடையையும் ஏற்றிக்கொண்டு மட் பக்கம் கொண்டுவிடும் படகு. அங்கிருந்து மார்வே, மறுபடி படகு, மனோரி. அப்புறம் கொராய், இன்னொரு படகில் போரிவலி. முழு நாள் ஓடிவிடும், செலவில் பெரும்பங்கு வடாபாவ்தான்.

மழைக்காலத்துக்கு கான்ஹேரி, பாறையில் குடைந்த பழைய பௌத்தக் குகைகள். போரிவலியில் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. பலரும் மூன்றாம் குகையின் பெரிய புத்தர் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் மேலே ஏறி மழை பெய்யும்போது தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். பாறையில் விரலளவு வாய்க்கால் வெட்டி, கூரை நீரைத் திருப்பி, குகை வாசலில் இருக்கும் தொட்டிக்குள் விட்டிருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேலான அந்த வேலை இன்றைக்கும் நடக்கிறது. இலைப் படகு விட்டு அதன் பின்னாலேயே பையன் இறங்கட்டும். பாறை வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சயான் கோட்டைக்கு இந்த ஞாயிறே போய்விடுங்கள், டிக்கெட்டும் இல்லை. 1669-க்கும் 1677-க்கும் இடையில், ஜெரார்ட் ஆங்கியர் கவர்னராக இருந்தபோது, போர்த்துகீசியர் வசமிருந்த சால்செட் தீவைக் கண்காணிக்க கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கட்டியது. இடிந்து கிடக்கிறது, காதலர்களும் சீட்டு விளையாடுகிறவர்களும் இருப்பார்கள். காலை ஏழு மணிக்குப் போனால் தொந்தரவில்லை.

கூடாரம் வாங்க வேண்டாம். தேசியப் பூங்காவில் நினைத்த இடத்தில் விரிக்கவும் முடியாது, சிறுத்தைகள் இருக்கும் காடு. ராத்திரி வெளியே படுக்க வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால் உங்கள் கட்டட மொட்டைமாடியில் பாயும் கொசுவலையும் போதும். சொசைட்டி செயலாளரைச் சம்மதிக்க வைப்பது உங்கள் பாடு.