லிடல், ஆல்டியில் விற்கும் மலிவு மரவேலைக் கருவிகளை வாங்கலாமா?

சிலவற்றைத் தைரியமாக வாங்கலாம், சிலவற்றின் பக்கமே போகக் கூடாது. இங்கிலாந்தில் புது வீட்டுக்குக் குடிவந்திருப்பதாகவும், புத்தக அலமாரியைச் சொந்தமாகவே செய்ய ஆசை என்றும், கருவிகளுக்கு 100 பவுண்டுதான் ஒதுக்க முடியும் என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நானும் இங்கே வீட்டு கராஜில் பல வருடங்களாக மரவேலை செய்கிறேன். என் கருவிகளில் பாதி, மளிகை வாங்கப் போன இடத்தில் வாங்கியவை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தக் கடைகளைத் தெரியாதவர்களுக்காக: லிடல், ஆல்டி இரண்டுமே ஜெர்மனியில் தொடங்கிய மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டுகள். பாலும் ரொட்டியும் விற்கும் கடையின் நடு வரிசையில், வியாழனும் ஞாயிறும் வேறு சரக்கு இறங்கும். ஒரு வாரம் கூடாரம், அடுத்த வாரம் தையல் மெஷின், இன்னொரு வாரம் உளியும் ட்ரில்லும். தீர்ந்தால் தீர்ந்ததுதான். லிடலின் கருவிகள் பார்க்சைட் என்ற பெயரில் வரும். ஆல்டியில் வொர்க்சோன், ஃபெரெக்ஸ் என்று பெயர்கள் மாறும். பார்க்சைட் என்பது கடை வைத்துக்கொண்ட பெயர். கொம்பெர்னாஸ், கிரிஸ்லி என வெவ்வேறு நிறுவனங்கள் அந்தப் பெயரில் சரக்கு கொடுக்கின்றன. ஆகவே பார்க்சைட் நல்லதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. கருவி கருவியாகத்தான் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது நான் யோசிப்பது ஒன்றைத்தான்: இதில் உள்ள குறையை நானே வீட்டில் சரிசெய்ய முடியுமா? விலையைக் குறைக்க வேண்டுமானால் எங்காவது வேலையைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். உளியில் குறைப்பது கடைசிக்கட்டத் தீட்டலை. அதை நாமே செய்துகொள்ளலாம். டேபிள் சாவில், அதாவது மேசை நடுவில் வட்ட அலகு சுழலும் மின்வாளில், குறைப்பது வார்ப்பின் நேர்த்தியையும் பேரிங்கின் இறுக்கத்தையும். அதை நம்மால் பிறகு சேர்க்க முடியாது.

உளியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் பணத்துக்கு அதிகப் பலன் கிடைப்பது இங்கேதான். நான்கு உளி கொண்ட செட் ஏறக்குறைய 10 பவுண்டுக்குக் கிடைக்கும். உருக்கு பெரும்பாலும் குரோம் வனேடியம். வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும். பல்லாண்டுகளாக மரவேலை கற்றுக்கொடுக்கும் பால் செல்லர்ஸ், ஆல்டி உளிகளைத் தாமே வாங்கிப் பயன்படுத்தி வெளிப்படையாகப் பாராட்டியவர். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் மரத்தில் வைத்தால் ஏமாந்துபோவீர்கள். அலகின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு வார்னிஷ் பூச்சு இருக்கும். முதலில் அசிட்டோனில் நனைத்த துணியால் அதைத் துடைத்துவிடுங்கள். அடுத்தது உளியின் தட்டையான முதுகு. கருப்பு மார்க்கரால் முனையிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குக் கோடுகள் கிறுக்குங்கள். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 240 எண் உப்புத்தாளை ஒட்டி, முதுகை அழுத்தி முன்னும் பின்னும் தேயுங்கள். மேடான இடத்தில் மை போய்விடும், பள்ளத்தில் அப்படியே இருக்கும். வெட்டும் முனையை ஒட்டி ஒரு பொட்டு மைகூட இல்லாத வரை விடாதீர்கள். பிறகு 400, 800, 1200 என்று தாளை மாற்றிக்கொண்டே போனால் முதுகில் உங்கள் முகம் தெரியும்.

சரிவான பக்கத்தை 25 பாகையில் தீட்டி, நுனியில் மட்டும் 30 பாகையில் ஒரு சின்ன இரண்டாம் சரிவு கொடுங்கள். கோணம் பிடித்துக்கொள்ள ஒரு சிறு சக்கர வண்டி போன்ற தாங்கி மலிவாகக் கிடைக்கிறது, கை பழகும் வரை அது உதவும். கூர் வந்துவிட்டதா என்று பார்க்கப் பைன் கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில் சீவிப் பாருங்கள். மழுங்கிய உளி மென்மையான நார்களை நசுக்கும். வெட்டிய இடம் வெளுத்துச் சொரசொரப்பாக இருக்கும். நன்றாகத் தீட்டிய உளி சீவினால் அந்த முகம் பளபளக்கும், ஆண்டு வளையங்களை எண்ணலாம். இந்த அளவுக்குக் கொண்டுவந்த 10 பவுண்டு உளி, தீட்டாத 60 பவுண்டு உளியைத் தோற்கடிக்கும். மலிவு உளியில் தீராத குறை ஒன்று உண்டு. பக்கவாட்டு விளிம்புகள் தடிமனாக இருப்பதால் புறாவின் வால் போல விரிந்த பற்களைக் கோத்துச் செய்யும் புறாவால் மூட்டின் நெருக்கமான மூலைகளுக்குள் போகாது. அலமாரிக்கு அது தேவைப்படாது.

கைவாளை யோசிக்காமல் வாங்குங்கள். இன்று விற்கும் பெரும்பாலான வாள்களின் பற்கள் சூடேற்றிக் கடினமாக்கப்பட்டவை. பல் நுனி கருநீலமாக இருப்பதைப் பார்த்தால் தெரியும். அரம் அதில் ஏறாது. விலை உயர்ந்த பிராண்டானாலும் மழுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான் என்னும்போது, மலிவாக வாங்குவதே நியாயம்.

கிளாம்ப்பும் அப்படியே. கோந்து காயும் வரை பலகையைப் பிடித்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை, எத்தனை இருந்தாலும் ஒன்று குறையும். இரும்புத் தண்டு உள்ள எஃப் வடிவக் கிளாம்ப்பை எடுங்கள், விசையை அழுத்தி இறுக்கும் பிளாஸ்டிக் வகை வேண்டாம். கடையிலேயே மூடிப் பார்த்து இரண்டு தாடையும் நேராகப் பொருந்துகிறதா என்று கவனியுங்கள்.

செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை மட்டும் இந்தக் கடைகளில் வாங்காதீர்கள். வாங்கினால் சோதிக்காமல் நம்பாதீர்கள். நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை அணைத்து, கூரான பென்சிலால் ஒரு கோடு. மட்டத்தை மறுபக்கம் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. 15 செ.மீ. தூரத்தில் 1 மி.மீ. விலகினால், உண்மையான பிழை அதில் பாதி. சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் 30 செ.மீ. ஆழமுள்ள உங்கள் தட்டில் அது 1 மி.மீ. ஆகி, ஒவ்வொரு தட்டிலும் சேர்ந்துகொண்டே போய், கடைசியில் அலமாரியே கோணலாக நிற்கும். இந்தச் சோதனையைக் கடையில் செய்ய முடியாது என்பதால்தான் வேண்டாம் என்கிறேன்.

இழைப்புளியும் வேண்டாம். அடிப்பாகம் முறுக்கியிருக்கும், அலகு உட்காரும் படுகை சீராக இருக்காது, அலகு மெலிதாக இருப்பதால் மரத்தில் அதிரும். தேய்த்துத் தேய்த்து ஓரளவு சரிசெய்யலாம், ஆனால் புதிதாகக் கற்பவர் கோளாறு தன் கையிலா கருவியிலா என்று தெரியாமல் மனம் விட்டுப்போவார். அதே காசுக்கு, மக்கள் பழைய சாமான்களைக் காரில் கொண்டுவந்து விற்கும் ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தையில் பழைய ஸ்டான்லி அல்லது ரெக்கார்ட் 4-ஆம் எண் இழைப்புளியைத் தேடுங்கள். இரண்டும் அமெரிக்கக் கருவி வடிவமைப்பாளர் லெனார்ட் பெய்லி 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த அமைப்புதான். ரெக்கார்ட் 1931 முதல் ஷெஃபீல்டில் செய்தது. துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது போய்விடும். அலகு வெளிவரும் வாய்ப்பக்கம் விரிசல் இருந்தால் மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மின்கருவிகளில் ட்ரில், மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டர், ஈரமும் தூசியும் இழுக்கும் வாக்குவம் மூன்றும் தரமானவை. வாக்குவத்தை நான் ஆடம்பரமாக நினைக்கவில்லை. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கிறது. சாண்டரோடு வரும் துணிப்பை போதாது. வாக்குவத்தை இணைத்து, நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 ரக முகமூடியும் போடுங்கள். தண்டவாளத்தின் மேல் நகர்த்தி, அலகை மரத்துக்குள் இறக்கி வெட்டும் பிளஞ்ச் சா என்ற மின்வாளும் நல்ல கொள்முதல். உடன் வரும் அலகு கரடுமுரடாக வெட்டும் என்பதால், துளை அளவு பார்த்து நுண்பற்கள் கொண்ட அலகை மாற்றிக்கொண்டால் பிளைவுட் விளிம்பு சிலும்பாது.

டேபிள் சாவைத்தான் கெஞ்சிக் கேட்டு வேண்டாம் என்கிறேன். மரத்தை அணைத்துத் தள்ளும் பக்கவேலி அலகுக்கு இணையாக நிற்கவில்லை என்றால், அலகின் பின்பக்கம் மரத்தைக் கவ்வி உங்கள் வயிற்றை நோக்கி எறியும். மலிவு மெஷினில் வேலியை ஒவ்வொரு முறையும் அளந்து பூட்ட வேண்டும். அவசரத்தில் யாரும் அளப்பதில்லை. மரத்தில் பள்ளமும் விளிம்பு வடிவமும் குடையும் மலிவு ரூட்டரிலும், பிட்டைப் பிடிக்கும் காலெட் நன்றாகக் கவ்வுகிறதா என்று பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

பேட்டரி வாங்கும்போது முழுக் குடும்பத்தையும் வாங்குகிறீர்கள். பார்க்சைட்டின் 20 வோல்ட் பேட்டரி அந்தத் தொடரின் எல்லாக் கருவிக்கும் பொருந்தும், அதுதான் வசதி. விமானத்தில் ஊருக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 20 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 80 வாட்-மணி. 100 வாட்-மணி வரை கைப்பையில் கொண்டுபோகலாம். தனிப் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 8 ஆம்பியர்-மணி பேட்டரி 160 வரும், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

உங்கள் 100 பவுண்டில் உளி செட், கைவாள், ஆறு கிளாம்ப், பழைய இழைப்புளி ஒன்று, வேறு கடையில் ஓரளவு நல்ல மூலைமட்டம் ஒன்று அடங்கும். மிச்சத்தில் உப்புத்தாளும் கோந்தும். பார்க்சைட் மின்கருவிகளுக்கு 3 வருட உத்தரவாதம் உண்டு, ஆனால் ரசீது வேண்டும். கடை ரசீதின் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.