வெளிநாட்டு ரயில் டிக்கெட்: எதை முன்கூட்டியே வாங்குவது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: பாரிஸ், மிலான், வெனிஸ், மியூனிக் என்று இரண்டு வாரப் பயணம். எல்லா ரயில் டிக்கெட்டையும் இப்போதே வாங்கிவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும் ரயில்களுக்கு மட்டும் இப்போதே வாங்குங்கள். பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, இத்தாலோ, ஜெர்மனியின் ஐசிஇ, லண்டன் போகும் யூரோஸ்டார் போன்ற அதிவேக ரயில்கள் எல்லாம் இந்த வகை. ஒவ்வொரு வண்டியிலும் மலிவு டிக்கெட்டுகள் குறிப்பிட்ட எண்ணிக்கைதான் இருக்கும். அவை தீர்ந்ததும் அடுத்த விலைப்படி. வெள்ளி மாலை, ஞாயிறு மாலை வண்டிகளில் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

வெனிஸிலிருந்து பாதுவா, வெரோனா போகும் ரெஜியோனாலே வண்டிகள், அதாவது பக்கத்து ஊர்களை இணைக்கும் சாதாரண ரயில்கள், வேறு மாதிரி. சில வாரம் முன்பு வாங்கினாலும் அன்று காலையில் வாங்கினாலும் ஒரே கட்டணம், இருக்கை எண்ணும் கிடையாது. இதை முன்கூட்டியே வாங்கி உங்கள் நேரத்தை நீங்களே கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

தேடும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் புதிய கால அட்டவணை டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்குகிறது. அதற்குப் பிந்தைய தேதியைச் சில மாதங்கள் முன்பே தேடினால் ஒரு வண்டியும் காட்டாமல் போகலாம். வண்டியே இல்லை என்று முடிவுகட்டி விமான டிக்கெட் வாங்கிவிடாதீர்கள். நேரடி வண்டி ஓடும் பாதையில் திடீரென மூன்று இடத்தில் மாறச் சொன்னாலும் சந்தேகப்படுங்கள். இன்னும் சில வண்டிகள் விற்பனைக்கு வராமல் இருக்கலாம், அல்லது அன்று தண்டவாள வேலை இருக்கலாம். அடுத்த வாரம் அதே கிழமையைப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

கேள்வி: ஃபிராங்ஃபர்ட்டில் காலை 9 மணிக்கு விமானம் இறங்குகிறது. 10.30 மணி ரயிலுக்கு மலிவான ‘சூப்பர் ஷ்பார்பிரைஸ்’ டிக்கெட் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த டிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதமானால் ரயில் நிறுவனம் பொறுப்பேற்காது, ரத்து செய்தால் பணமும் திரும்பாது. இறங்கும் நாளுக்கு மட்டும் ‘ஃப்ளெக்ஸ்பிரைஸ்’ எடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அன்றைக்கு எந்த வண்டியிலும் ஏறலாம். மலிவு டிக்கெட்தான் வேண்டுமென்றால் குடியேற்றச் சோதனை, பெட்டி வரும் நேரம் எல்லாம் சேர்த்துக் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

இன்னொன்று: ஐசிஇ டிக்கெட் என்பது பயணத்துக்கான உரிமை மட்டும். இரண்டாம் வகுப்பில் இருக்கை உறுதியாக வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். குடும்பமாகப் போகிறவர்கள் அந்தச் சில யூரோக்களை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: ஒரே பயணத்தை இரண்டு டிக்கெட்டாகப் பிரித்து வாங்கினால் விலை குறைகிறது. இதில் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யார் பொறுப்பு என்பதுதான் இங்கே கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/782 எண் கொண்ட ஒழுங்குமுறை 2023 ஜூன் 7 முதல் அமலில் இருக்கிறது. முழுப் பயணமும் ஒரே ‘த்ரூ டிக்கெட்’டாக இருந்தால், வழியில் இணைப்பு ரயில் தவறினாலும் உங்களைக் கொண்டுசேர்ப்பது நிறுவனத்தின் கடமை. சேருமிடத்தை 60 முதல் 119 நிமிடம் தாமதமாக அடைந்தால் டிக்கெட் விலையில் 25 சதவீதமும், 120 நிமிடமோ அதற்கு மேலோ என்றால் 50 சதவீதமும் இழப்பீடாகக் கேட்கலாம். கடும் வானிலை போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. ஆனால் உங்களைக் கொண்டுசேர்க்கும் கடமை அப்போதும் தொடரும்.

தனித்தனியாக வாங்கியிருந்தால் இரண்டாவது டிக்கெட் பெரும்பாலும் வீண்தான். அன்றைய முழு விலையில் புது டிக்கெட் எடுக்க வேண்டிவரும். ஆகவே பணம் கட்டும் முன், டிக்கெட் நிபந்தனைகளில் ‘தனித்தனி ஒப்பந்தங்கள்’ என்று இருக்கிறதா பாருங்கள். பிரித்துத்தான் வாங்குவீர்கள் என்றால், மாறும் ஊரில் ஒரு இரவு தங்குவதுபோல் பிரியுங்கள். அப்படியானால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

கேள்வி: ஜப்பானுக்கு ஜேஆர் பாஸ் வாங்குவது லாபமா?

பதில்: குறிப்பிட்ட நாட்களுக்கு ஜேஆர் ரயில்களில் விருப்பம்போல் போய்வர உதவும் பாஸ் இது. முன்பு லாபம். ஏழு நாள் சாதாரண வகுப்பு பாஸ் 29,650 யென்னாக இருந்தது, 2023 அக்டோபரில் 50,000 ஆனது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்வர சுமார் 28,000 யென்தான் ஆகும். இந்த ஒரு பயணத்துக்காக பாஸ் எடுத்தால் நஷ்டம். ஷின்கான்சென் எனும் புல்லட் ரயிலின் இருக்கைகள் பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு விற்பனைக்கு வரும். உங்கள் பயணப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டினால், டோக்கியோவிலிருந்து கியோட்டோ வழியாகப் போகும் டோக்காய்டோ பாதையில் பெரிய பெட்டிக்கு இடமுள்ள இருக்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை, முன்பதிவில்லாமல் கொண்டுபோனால் 1,000 யென் வாங்குவார்கள்.

கேள்வி: கடைசிப் பக்கத்தில் கார்டு மறுக்கப்படுகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் வங்கி செயலியில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓடிபி வரும் சிம் கையில் இருக்கும்போதே, அதாவது கிளம்பும் முன்பே, வாங்கி முடியுங்கள். மறுத்ததும் மறுபடி மறுபடி அழுத்தினால் வங்கி கார்டையே முடக்கிவிடலாம். பணம் பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த முயற்சி. யூரோவா, உங்கள் நாணயமா என்று கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள், மற்றதில் மாற்று விகிதம் மோசமாக இருக்கும். அப்படியும் முடியாவிட்டால் இடைத்தரகுத் தளங்கள் இருக்கின்றன. ஆனால் சேவைக் கட்டணம் உண்டு, ரத்துக்கும் மாற்றத்துக்கும் அவர்களிடமே போக வேண்டும்.

கேள்வி: டிக்கெட் இருந்தும் அபராதம் போடுவார்களா?

பதில்: இத்தாலியில் போடுவார்கள். ரெஜியோனாலே காகித டிக்கெட்டை ஏறும் முன் நிலையத்திலுள்ள இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். கைபேசி டிக்கெட் என்றால் செக்-இன் செய்ய வேண்டும். நிலையத்தின் பெயரையும் முழுதாகப் படியுங்கள். வெனிஸ் தீவுக்குள் இருப்பது சாந்தா லுச்சியா. மெஸ்த்ரே நிலையம் தீவுக்கு வெளியே, கரையில் இருக்கிறது. பாரிஸில் யூரோஸ்டார் கார் து நோர் நிலையத்திலும், லியோன் போகும் டிஜிவி கார் து லியோனிலும் கிளம்புகின்றன. நள்ளிரவு 00.10 மணி வண்டிக்கு அடுத்த நாள் தேதியைப் போட வேண்டும். 14ஆம் தேதி இரவு கிளம்புவதாக நினைத்து 14 என்று போட்டால், நீங்கள் நிலையத்துக்கு வரும்போது அந்த வண்டி ஒரு நாள் முன்பே போயிருக்கும்.