அரைப் பாக்கெட், ஒரு டம்ளர் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

1971-ல் ஓர் அகதி முகாமில், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்தே ஒரு மருத்துவர் ஆயிரக்கணக்கானவர்களைக் காலராவிலிருந்து காப்பாற்றினார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மனம் நெகிழ்ந்து பத்துப் பேருக்கு அனுப்பினேன். அடுத்த வாரமே என் மூன்று வயது மகனுக்கு வயிற்றுப்போக்கு. வீட்டில் ஒரு ஓ.ஆர்.எஸ். (உப்பும் சர்க்கரையும் கலந்த நீரிழப்புக் கரைசல் பொடி) பாக்கெட் இருந்தது. பாதியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். குடித்த வேகத்தில் வாந்தி எடுத்துவிட்டான். பேதி நிற்காதது மட்டுமில்லை, கூடியது போலவே இருந்தது. பிறகு மருத்துவமனைக்குப் போய்ச் சரியானது. இந்த மாதிரிக் கதைகளை எவ்வளவு தூரம் நம்பலாம்? நான் செய்த தவறு என்ன?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மகன் தேறிவிட்டான் என்பது முதல் நிம்மதி. அந்தக் கதை உண்மை. ஆனால் உங்கள் கைக்கு வருவதற்குள் அதன் முக்கியமான பகுதி உதிர்ந்துவிட்டது.

அந்த மருத்துவர் திலீப் மஹலனாபிஸ். வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் மருத்துவமனைக்குப் போனார். இரண்டு அறைகள், தரை முழுக்கக் காலரா நோயாளிகள். வாந்தியிலும் மலத்திலும் மண்டியிட்டுத்தான் ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. அதை ஏற்றத் தெரிந்தவர்களும் அவர் குழுவில் இரண்டே பேர். அதனால் வாய்வழியே கொடுப்பது என்று முடிவெடுத்தார்.

அவர் என்ன கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் ஓர் அறையில் உட்கார்ந்து இவற்றை எடைபோட்டு, பாலிதீன் பைகளில் நிரப்பி, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி அனுப்பினார்கள். முகாமில் குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்தார்கள். நோயாளியின் உறவினர்களே பிடித்துக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 20 முதல் 30 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 3.6 ஆகக் குறைந்தது. பகிரப்படும் செய்திகளில் 'உப்பு, சர்க்கரை' என்று மட்டும் இருக்கும், தராசு இருக்காது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. அந்த மனிதர்களின் உழைப்பெல்லாம் தராசில்தான் இருந்தது.

ஏன் இவ்வளவு கறார்? நம் சிறுகுடலின் சுவரில் உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸ் என்ற சர்க்கரையும் கைகோத்து உள்ளே நுழையும் வாசல் ஒன்று உண்டு. இதை 1960-ல் ராபர்ட் கிரேன் விளக்கினார். இவை இரண்டும் சேர்ந்து போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். காலராவிலும் இந்த வாசல் அடைபடுவதில்லை. வெறும் தண்ணீர் கொடுத்தால் இழந்த உப்பு திரும்பாது. கரைசல் மிகவும் கெட்டியாக இருந்தாலோ நடப்பது நேர்மாறு: அந்தக் கரைசலை நீர்க்கச் செய்ய, குடல் உடலிலிருந்தே தண்ணீரை இழுக்கும்.

இப்போது உங்கள் டம்ளருக்கு வருவோம். உங்களிடம் இருந்தது ஒரு லிட்டர் பாக்கெட் என்றால், அதில் பாதிக்கு அரை லிட்டர் தண்ணீர் வேண்டும். டம்ளர் 200 மில்லி பிடிக்கும் என்றால் நீங்கள் கொடுத்தது இரண்டரை மடங்கு கெட்டியான கரைசல். பேதி கூடியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். சிறு குழந்தைக்கு உப்பு மிகுந்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை போகும் ஆபத்தும் உண்டு. பாக்கெட்டைப் பாதியாகப் பிரிக்கவே கூடாது. உள்ளே நான்கு பொருள்கள் இருக்கின்றன, பாதியில் எது எவ்வளவு விழும் என்று சொல்ல முடியாது. 200 மில்லிக்கான சிறிய பாக்கெட்டும் வருகிறது. உறையில் எழுதியிருக்கும் அளவைப் படித்து, முழுப் பாக்கெட்டையும் அத்தனை தண்ணீரிலும் கரையுங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் நல்லது. கரைத்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது. பால், பழச்சாறு, கூடுதல் சர்க்கரை எதுவும் வேண்டாம். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

வாந்திக்குக் கெட்டித்தன்மை மட்டும் காரணமில்லை, கொடுத்த வேகமும்தான். தாகத்தில் குழந்தை மடமடவென்று குடிக்கும், வயிறு தாங்காது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மறுபடி தொடங்குங்கள். கை வலிக்கும் வேலைதான். ஒவ்வொரு முறை பேதி ஆன பிறகும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, உங்கள் மகன் வயதில் 100 முதல் 200 மில்லி. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டாம். துத்தநாகமும் (ஜிங்க்) 10 முதல் 14 நாள் கொடுப்பார்கள், அதன் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

பேதி நிற்கவில்லை என்றீர்கள். இந்தக் கரைசல் பேதியை நிறுத்தாது. வெளியே போகும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும், அவ்வளவுதான். பேதி பெரும்பாலும் சில நாள்களில் தானே அடங்கும். இதைச் சொல்லாமல் கொடுப்பதால்தான், 'கேட்கவில்லை' என்று பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

வங்கதேசத்தில் 1980 முதல் பத்தாண்டுகள் பிராக் என்ற தொண்டு நிறுவனம் இதை ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் கற்றுக்கொடுத்தது. மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். தாய்மார்களே கலந்து காட்ட வேண்டும். சில நாள் கழித்து வேறொருவர் போய் அந்தத் தாயிடம் கேள்வி கேட்பார். எத்தனை விஷயங்களை அவர் சரியாகச் சொல்கிறாரோ, அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குச் சம்பளம். பன்காவ் அளவுக்கு இதை யாரும் பகிர்வதில்லை. ஆனால் கேட்டவர் கையில் கலவை சரியாக வருகிறதா என்பதற்குச் சம்பளம் வைத்தார்களே, அந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

பாக்கெட் கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு 5 மில்லி ஸ்பூனால் தலைதட்டி ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. நீங்கள் முதலில் ருசி பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். இதில் பொட்டாசியம் கிடையாது, அதனால் பாக்கெட் கிடைத்ததும் மாறிவிடுங்கள்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் காத்திருக்காதீர்கள்: குழி விழுந்த கண், சோர்ந்து தூங்கி வழிவது, குடிக்க முடியாமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெல்லப் படிவது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்றே ஒரு வேலை செய்து வையுங்கள். மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியாலோ, அளவு எழுதிய தண்ணீர் பாட்டிலாலோ உங்கள் வீட்டுப் பாத்திரம் ஒன்றில் ஒரு லிட்டர் ஊற்றி, நீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டு, மாவோ எண்ணெயோ படாமல் தனியாக எடுத்து வையுங்கள். நள்ளிரவில் குழந்தை அழும்போது அளக்க நேரம் இருக்காது.

அன்புடன்.