வானத்துக்கு எவ்வளவு இடம்? – கேமரா கேள்வி பதில்

கேள்வி: கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்கரையில் நின்று மலைகளைப் படம் எடுக்கிறேன். ஒன்று வானம் வெளுத்துப்போகிறது, இல்லையென்றால் மலை கறுத்துப்போகிறது. ஃபில்டர் வாங்கினால் சரியாகுமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: காசை எடுப்பதற்கு முன்னால், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று சொல்லுங்கள். ஒன்பது, பத்து மணி இருக்கும் என்று தோன்றுகிறது. நம் பக்கத்துச் சூரியன் சாய்வாக ஏறாது, கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய புத்தகங்களில் வரும் ‘பொன்னான ஒரு மணி நேரம்’ நமக்குக் கிடையாது. உதித்து அரை மணிக்குள் அந்த மஞ்சள் வெளிச்சம் தீர்ந்துவிடும். ஆகவே இருட்டிலேயே போய் ஸ்டாண்டைப் போட்டுவிடுங்கள். டீ எல்லாம் அப்புறம்.

நம் குன்றுகளில் மரத்தைவிடப் பாறைதான் அதிகம். அந்தக் கருங்கல்லின் வெடிப்பும் மடிப்பும் தெரிய, வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் மலை தட்டையாகிவிடும். சித்திரை பத்தாம் தேதியை ஒட்டி உச்சிவேளையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது பாறையில் எந்த உருவமும் எடுபடாது. நான் மாந்தோப்பு நிழலுக்குப் போய்விடுவேன்.

ஃபில்டருக்கு வருகிறேன். மேல்பாதி மட்டும் கறுத்திருக்கும் ஃபில்டரை மலைக்கு வாங்காதீர்கள். வானமும் தண்ணீரும் நேர்கோட்டில் சேரும் இடத்தில் அது சரி. மலை அந்தக் கோட்டைத் தாண்டி நிற்பதால் உச்சியும் சேர்ந்து கறுக்கும். ஸ்டாண்டில் வைத்து வானத்துக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என எடுத்துக் கம்ப்யூட்டரில் இணைப்பது மேல். ஒரே படம்தான் என்றால் வானம் வெளுக்காதபடி எடுங்கள். ‘ரா’ ஃபைலாக (கேமரா பதிவு செய்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) இருந்தால் கறுத்த மலையை ஓரளவு மீட்கலாம், வெளுத்த வானத்தை மீட்கவே முடியாது.

போலரைசர், அதாவது பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர், வாங்கலாம். சூரியன் உங்கள் தோளுக்கு நேராக இருக்கும்போதுதான் அது வானத்தின் நீலத்தை நன்றாக அடர்த்தியாக்கும். அகல லென்ஸில் போட்டால் வானம் ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுத்து, திட்டுத்திட்டாக வரும்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1927-ல் கலிஃபோர்னியாவில் உள்ள யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையைச் சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தார். வானம் கறுத்து, பாறை எழுந்து நின்றது. கறுப்பு வெள்ளைப் படம் அது. நீங்களும் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது நீலத்தை மட்டும் குறைத்துப் பாருங்கள். வானத்தில் நீலம் இருந்தால்தான் இது பலிக்கும்.

கேள்வி: தீர்த்தமலையை எடுக்க எந்த மாதம் நல்லது? படத்தில் வானம் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டுமாமே?
– ஒரு வாசகர், அரூர்

பதில்: அப்படி ஒரு சட்டமும் இல்லை. வானத்தில் சரக்கு இருந்தால் பாதிக்கு மேல்கூடக் கொடுங்கள். மாசி, பங்குனியில் தூசும் புகையும் சேர்ந்து வானம் வெறுமையாக இருக்கும். அப்போது உச்சிக்கு மேலே ஒரு விரல்கடை விட்டு வெட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காற்று கழுவி விட்டாற்போல் இருக்கும், தூரத்து மலையும் துல்லியமாகத் தெரியும்.

எனக்குப் பிடித்தது ஆடிதான். காற்றில் மேகம் ஓடும், அதன் நிழல் மலைமேல் ஓடும். ஃபிரேமை முடிவு செய்துவிட்டுக் காத்திருங்கள். வெயில் துண்டு உச்சியில் விழும்போது, சுற்றிலும் நிழலாக இருக்கும்போது அழுத்துங்கள். சிலநாள் விழாமலே போகும்.

புகைமூட்டத்தைத் திட்டவும் வேண்டாம். வத்தல்மலை மேலிருந்து சூரியனை நோக்கிப் பார்த்தால் ஒவ்வொரு மலைவரிசையும் முந்தையதைவிட வெளிறித் தெரியும். படத்துக்கு ஆழம் கொடுப்பது அந்த மூட்டம்தான்.

கேள்வி: போனில் எடுத்தால் ராயக்கோட்டை மலை சின்னதாகிவிடுகிறது. மின்கம்பி வேறு குறுக்கே வருகிறது.
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

பதில்: போனின் சாதாரண லென்ஸே அகலமானதுதான், அதனால் தூரத்தில் இருப்பது சிறுக்கும். தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸ் இரண்டாவதாக இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லையென்றால் மலையை நோக்கி நடங்கள், பெரும்பாலும் கம்பியும் பின்னால் போய்விடும். திரையில் வானத்தைத் தொட்டு, அருகில் வரும் சூரியக் குறியைச் சற்றே கீழே இழுத்துவிட்டு எடுங்கள்.