டிரைவ் ஏ-வில் தண்ணீர்! பயமுறுத்தும் பழைய புரோகிராம்கள்: கேள்வி பதில்

சேலம் ஐந்து ரோடு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். ஆளைப் பயமுறுத்தவே எழுதப்பட்ட பழைய புரோகிராம்களைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அம்மாபேட்டை வாசகர்: தொண்ணூறுகளில் இன்ஸ்டிடியூட்டில் படிக்கும்போது, 'டிரைவ் ஏ-வில் தண்ணீர்' என்று திரையில் வந்து, தண்ணி ஓடுற சத்தமும் கேட்டதுங்க. மாஸ்டர் பதறிப்போய் பிளக்கையே பிடுங்கிட்டார். அது வைரஸா?

வைரஸ் இல்லைங்க. அது 'டிரெயின்' என்ற, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து விளையாட்டுப் புரோகிராம். டிரைவ் ஏ என்ற ஃப்ளாப்பி டிஸ்க் டிரைவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாகச் சொல்லும், அதை வடிப்பதுபோல ஸ்பீக்கரில் சத்தம் எழுப்பும், பிறகு துணி பிழிகிற மாதிரி டிரைவைச் சுழற்றுவதுபோலக் காட்டும். அத்தோடு முடிந்தது. உங்கள் ஃபைலில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாது.

ஆபத்து மாஸ்டர் செய்த காரியத்தில்தான் இருந்தது. டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையே குழம்பிவிடும். புரோகிராம் ஒன்றும் செய்யாது. பயந்தவர் கைதான் செய்யும். கீழே வரும் முக்கால்வாசி கேள்விகளுக்கும் இதுதான் அடிப்படை.

சூரமங்கலம் வாசகர்: திரையில் ஒரு பந்து துள்ளும். இன்னொரு மெஷினில் எழுத்தெல்லாம் பொலபொலவென்று கீழே கொட்டும். அதுவும் விளையாட்டுதானே?

பார்க்க விளையாட்டு, உள்ளே வைரஸ். பந்து துள்ளியது 'பிங் பாங்'. 1988-இல் இத்தாலியின் டூரின் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். எழுத்து கொட்டியது 'கேஸ்கேட்'. தன்னைத்தானே நகல் எடுத்துப் பரவுகிறதா என்று பாருங்கள். பரவினால் வைரஸ், பரவாவிட்டால் வெறும் குறும்பு. பிங் பாங், மெஷின் ஆன் ஆகும்போது முதலில் படிக்கும் இடமான ஃப்ளாப்பியின் பூட் செக்டரில் ஒளிந்திருக்கும். அந்த ஃப்ளாப்பியை டிரைவிலேயே விட்டு மெஷினை ஆன் செய்தால் போதும், தொற்றிக்கொள்ளும்.

ஏற்காடு வாசகி: கோடு தொடாமல் புள்ளியை நகர்த்தும் மேஸ் கேமில், திடீரென்று ஒரு கோர முகம் அலறும். பிரவுசிங் சென்டரில் என் தங்கச்சி நாற்காலியோடு சாய்ந்துவிட்டாள். ஏன் அவ்வளவு பயம் வந்தது?

எழுதியவர் மனசைப் படித்து எழுதியிருக்கிறார் அம்மா. 2000-களின் தொடக்கத்தில் பரவியது அது. முதல் கட்டத்தில் பாதை அகலமாக இருக்கும், சுலபமாக ஜெயிக்கலாம். அடுத்தடுத்த கட்டத்தில் குறுகிக்கொண்டே போய், மூன்றாவதில் நூல்போல ஆகிவிடும். மவுஸ் நழுவக்கூடாதே என்று நாமே முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோவோம், மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வோம். கவனம் முழுவதும் அந்தச் சின்னப் புள்ளியில் குவிந்திருக்கும் நொடியில், முகமும் அலறலும் சேர்ந்து வரும். உடம்பு தானாகத் துள்ளும். யோசிக்க நேரமே கிடையாது.

என் கருத்து: இதய நோய் உள்ளவர்களிடமும் சின்னக் குழந்தைகளிடமும் இதை ஒருபோதும் காட்டக்கூடாது. அழுகிற பிள்ளையை வீடியோ எடுத்துப் போட்டவர்கள் செய்தது கொடுமை.

ஓமலூர் வாசகர்: ஸ்கிரீன் தலைகீழாகிவிட்டது, என்ன வைரஸ்?

வைரஸ் இல்லை. கன்ட்ரோல், ஆல்ட், மேல் அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள பல பழைய மெஷின்களில் நேராகிவிடும். இல்லையென்றால் டிஸ்ப்ளே செட்டிங்கில் மாற்றலாம்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: 'சி டிரைவ் ஃபார்மேட் ஆகிறது' என்று சதவீதம் ஓடினால் நிஜமா பொய்யா என்று எப்படி அறிவது?

கேபினெட்டில் ஹார்ட் டிஸ்க் விளக்கைப் பாருங்கள். நிஜமாக ஃபார்மேட் ஆனால் அது விடாமல் எரியும். குறும்புப் புரோகிராம் எண்களை மட்டும் ஓட்டும். விளக்கு சும்மா இருக்கும். ஆனால் இதை மட்டுமே நம்பிவிடாதீர்கள். விண்டோஸுக்கான கருவிகளை வெளியிடும் சிஸ்இன்டர்னல்ஸின் மார்க் ருசினோவிச் எழுதிய 'புளூஸ்கிரீன்' ஸ்கிரீன்சேவர், விண்டோஸ் முடங்கும்போது வரும் நீலத்திரையையும் மறுபடி பூட் ஆவதையும் அப்படியே நடிக்கும். டிஸ்க் ஓடுவதுபோல் காட்டவும் அதில் வழி வைத்திருக்கிறார். 2006-இல் சிஸ்இன்டர்னல்ஸை மைக்ரோசாஃப்டே வாங்கிவிட்டது. ஸ்கிரீன்சேவர் என்பதால் ஒரு கீயைத் தட்டினால் போய்விடும். அதனால் முதலில் கீயைத் தட்டிப் பாருங்கள், பிளக் பக்கம் போகாதீர்கள்.

அஸ்தம்பட்டி வாசகி: அப்பா லேப்டாப்பில் சைரன் அடித்து, 'வைரஸ் புகுந்துவிட்டது, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்' என்று வருகிறது. மூடவே முடியவில்லை. இதுவும் குறும்பா சார்?

இல்லைம்மா, இது திருட்டு. பழைய குறும்புக்காரர் உங்களைப் பயமுறுத்திவிட்டுப் போய்விடுவார். இவர்கள் அந்தப் பயத்தையே பிடித்துக்கொண்டு காசு பறிக்கிறார்கள். அந்த நம்பருக்குப் பேசவே கூடாது. மைக்ரோசாஃப்டின் நிஜ எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது.

எஸ்கேப் கீயைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கத்தை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்பா ஏற்கனவே பேசி, அவர்கள் சொன்ன ஆப்பைப் போட்டிருந்தால், உடனே நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து பேங்குக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அப்போதே கூப்பிடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் பணம் கை மாறும். அப்பாவைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைப்பவர்களின் பணம்தான் அதிகம் போகிறது.

கொண்டலாம்பட்டி மாணவர்: அந்தப் பழைய வைரஸ்களை இப்போது பார்க்க முடியுமா அண்ணே?

தாராளமாகப் பார்க்கலாம் தம்பி. இன்டர்நெட் ஆர்க்கைவில் 2016 முதல் 'மால்வேர் மியூசியம்' இருக்கிறது. அழிக்கும் பகுதியை நீக்கிவிட்டு, பிரவுசருக்குள்ளேயே ஓடும்படி வைத்திருக்கிறார்கள். எழுத்து கொட்டுவதை ஆற அமரப் பார்க்கலாம். பழைய ஃப்ளாப்பி ஏதாவது வீட்டில் கிடைத்தால் நீயாகப் போட்டுப் பார்க்காதே, கடைக்குக் கொண்டு வா.