மஞ்சள் லைட்டுக்கு 35,000 ரூபாயா?

கேள்வி: காரைக்குடியில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கைக்கு வருவது மாதம் 38,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு முன் பெண் குழந்தை பிறந்தது. மனைவி டியூஷன் எடுத்துவந்தார், இப்போது அந்த வருமானம் இல்லை. பிரசவத்துக்கு அவர் தேவகோட்டையில் அம்மா வீட்டில் இருந்தபோது எங்கள் 2014 மாடல் பெட்ரோல் கார் கொட்டகையிலேயே நின்றது. போன வாரம் எடுத்தபோது இன்ஜின் லைட் மஞ்சளாக எரிந்தது, இன்னும் அணையவில்லை. மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "சென்சாரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் மாத்தணும், 35,000 ஆகும்" என்கிறார். மச்சானோ, "மகாலட்சுமி பிறந்திருக்கா, பழசைத் தள்ளிட்டுப் புது வண்டி எடுங்க, 6 லட்சம் லோன் போட்டுக்கலாம்" என்கிறார். வங்கி டெபாசிட்டில் 1,20,000 இருக்கிறது. செல்வமகள் கணக்கு தொடங்க 40,000 தனியாக வைத்திருக்கிறேன். எதை எடுப்பது?

பதில்: இப்போதைக்கு எதையும் எடுக்க வேண்டாம். முதலில் வண்டிக்கு ஒரு ஸ்கேன் எடுங்கள்.

உங்கள் மெக்கானிக் ஓட்டிப் பார்த்திருக்கிறார், ஸ்கேன் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. 2014 வண்டி என்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. பிளக் இருக்கும், வண்டியின் கணினியோடு ஸ்கேன் கருவியை இணைக்கும் இடம் அது. அதில் கருவியைச் செருகினால் எந்தக் கோளாறு என்று ஒரு குறியீட்டு எண் (கோடு) வரும். இதற்குச் செலவு சில நூறு ரூபாய்தான். கோடு வந்தாலும் உடனே பாகத்தை மாற்றச் சொல்லிவிடாதீர்கள். பி-0420 என்று வந்தால் கன்வெர்ட்டர், அதாவது புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம், சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். ஆனால் அதற்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் தவறாகக் காட்டினாலும், சைலன்சர் குழாயில் கசிவு இருந்தாலும் அதே எண் வரும். சென்சார் என்றால் சில ஆயிரத்தில் முடியும். 35,000 எங்கே, அது எங்கே! பி-0301 போல வந்தால் ஒரு சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஸ்பார்க் பிளக்கையும் அதற்கு மின்சாரம் தரும் காயிலையும் பார்க்க வேண்டும்.

வண்டி கொட்டகையில் பல நாள் நின்றது என்கிறீர்கள். நானாக இருந்தால் எலியைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில், பாதி அறைகள் பூட்டியே கிடக்கும் இடத்தில், எலிக்குப் பஞ்சமில்லை. ஒரு வயரைக் கடித்திருந்தாலே லைட் எரியும். பேட்டரி இறங்கியிருந்தாலும் எரியலாம். ஆகவே பானெட்டைத் திறந்து வயரைப் பார்க்க ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஸ்கேன் எடுக்கும் முன் யாரும் பேட்டரி வயரைக் கழற்றி லைட்டை அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோளாறு வந்த நேரத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது, இன்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது என்ற பதிவும் அதோடு அழிந்துபோகும். லைட் மறுபடி வரும், துப்பு வராது. கோடு எண்ணை போனில் படம் எடுத்துக்கொண்டு இன்னொரு ஒர்க்ஷாப்பிலும் விலை கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

லைட் நிலையாக மஞ்சளில் எரிந்து, வண்டியும் திணறாமல், குலுங்காமல் போகிறது என்றால் ஒர்க்ஷாப் வரை மெதுவாக ஓட்டிப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும், அப்போது மெக்கானிக் சொன்ன 35,000 உண்மையாகிவிடும். சிவப்பில் ஆயில் லைட்டோ சூட்டு லைட்டோ வந்தால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டியதுதான். எப்படியானாலும், சரியாகும்வரை கைக்குழந்தையோடு அந்த வண்டியில் மதுரைக்குக் கிளம்பாதீர்கள். திருப்பத்தூருக்கும் மேலூருக்கும் நடுவில் வெயிலில் நிற்பதைவிட வாடகைக் கார் மலிவு. அவசரம் என்றால் 108 இருக்கிறது.

அப்புறம் மச்சான் சொன்னது. பிரியமாகத்தான் சொல்கிறார், ஆனால் மாதத் தவணையை அவர் கட்டப் போவதில்லை. 6 லட்சத்தை 9.5 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு எடுத்தால் தவணை சுமார் 12,600 ரூபாய். வட்டி மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல். 38,000 சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், அதுவும் மனைவியின் வருமானம் நின்றிருக்கும் நேரத்தில். மெக்கானிக் சொன்ன முழுத் தொகையே மூன்று தவணைக்குள் அடங்கிவிடுகிறது, கவனித்தீர்களா? உங்கள் ஆர்.சி. 2029 வரை செல்லும். விற்பதாக இருந்தாலும் லைட் எரிகிற வண்டிக்கு, பழுதுச் செலவைவிட அதிகமாகத்தான் விலையைக் குறைப்பார்கள். பழுதுக்கே வண்டியின் விலையில் பாதி ஆகும் என்று இரண்டு இடத்தில் சொன்னால் மட்டும் விற்பதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் புதியது வேண்டாம், கடன் இல்லாமல் முடிகிற பழைய வண்டி போதும்.

காப்பீடு? தேய்மானத்தால் வரும் கோளாறுக்குச் சாதாரண பாலிசி பணம் தராது. எலி கடித்ததற்குச் சில நிறுவனங்கள் தரும். ஆனால் கட்டாயக் கழிவாகக் குறைந்தது 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். க்ளெய்ம் வாங்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடியும் அடுத்த வருடம் போய்விடும். சிறிய பில்லுக்குக் கேட்காமல் இருப்பதே லாபம்.

ஸ்கேனில் கோளாறு உறுதியானபின், பழுதுக்கான பணத்தை அந்த 40,000-லிருந்து எடுங்கள். பிள்ளைக்கென்று வைத்ததை எப்படித் தொடுவது என்று வீட்டில் மனம் கோணலாம். ஆனால் செல்வமகள் கணக்கைப் பெண்ணுக்கு 10 வயது ஆவதற்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் போட்டால் போதும். போட்ட பணத்தை மட்டும் சுலபத்தில் எடுக்க முடியாது. மகள் பத்தாவது முடிக்க வேண்டும் அல்லது 18 வயதாக வேண்டும். அப்போதும் படிப்புக்காகப் பாதி வரைதான். ஆகவே அஞ்சலகத்தில் 1,000 ரூபாய் போட்டுக் கணக்கைத் தொடங்கி வைத்துவிட்டு, மிச்சத்தை வண்டி சரியானதும் போடுங்கள்.

டெபாசிட் அப்படியே இருக்கட்டும். மாதம் 30,000 செலவு என்று வைத்தால் அது நான்கு மாதத்துக்குத்தான் வரும். பில் மிச்சமிருக்கும் 39,000-ஐத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டும் வங்கியில் நகைக்கடன் எடுக்கலாம். கிரெடிட் கார்டில் போட்டுவிட்டு மினிமம் மட்டும் கட்டினால் மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிவிட்டதால் ஒரு போனும் போட வேண்டியிருக்கிறது. குடும்ப மருத்துவக் காப்பீடு இருந்தால், பல பாலிசிகள் 90 நாளுக்குப் பிறகு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும். இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.