கடனுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, வீட்டுக்கு இருக்கிறதா?

கேள்வி: கடலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குப் பக்கத்தில் 900 சதுர அடியில் சொந்த வீடு. 2024 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் வந்து ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷின், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பட்டுப்புடவைகள் எல்லாம் வீணாகிவிட்டன. வீட்டுக்கடன் வாங்கியபோதே பேங்கில் இன்ஷூரன்ஸ் போட்டுவிட்டார்கள். கையில் 8 லட்சம் இருக்கிறது. மாடி எழுப்பி வாடகைக்கு விடலாமா, மியூச்சுவல் ஃபண்டில் போடலாமா?
– ஓர் ஆசிரியை, கடலூர்

பதில்: இரண்டுக்கும் முன்னால் அந்த இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். கடனோடு சேர்த்துத் தருவது பெரும்பாலும் ஆயுள் காப்பீடுதான். கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியை அடைக்கும். சுவர் இடிந்தால் ஒரு ரூபாய்கூட வராது. இது தெரியாமல் வெள்ளம் வடிந்த பிறகு பாலிசியோடு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

2004 சுனாமி, 2011 ‘தானே’ புயல், 2015 வெள்ளம், 2024 ‘ஃபெஞ்சல்’ புயல் என்று 20 ஆண்டுகளில் உங்கள் ஊர் நான்கு முறை அடி வாங்கியிருக்கிறது. ஃபெஞ்சல் கரை கடந்தது புதுச்சேரி அருகே. ஆனால் உங்கள் வீட்டுக்குள் வந்தது கடல் தண்ணீர் இல்லை. தென்பெண்ணைக்குக் குறுக்கே திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்ட தண்ணீர். திருவண்ணாமலைப் பக்கம் கொட்டும் மழைக்கும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். அப்போது அரசு தந்த நிவாரணம் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய். அதில் ஒரு மெத்தைகூட வாங்க முடியாது.

அதனால் முதலில் ‘பாரத் கிரஹ ரக்ஷா’ பாலிசி எடுங்கள். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே மாதிரி விதிகளோடு விற்கும் வீட்டுக் காப்பீட்டு பாலிசி இது. புயல், வெள்ளம், சுனாமி மூன்றும் இதில் அடக்கம். மனையின் விலையைச் சேர்க்காதீர்கள். திரும்பக் கட்ட ஆகும் செலவை மட்டும் போடுங்கள். சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால் 18 லட்சம். வீட்டுப் பொருட்களுக்கு அதில் 20 சதவீதம், அதாவது 3.6 லட்சம், தானாகவே சேரும். நகைக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ரொக்கத்துக்கும் பத்திரத்துக்கும் இழப்பீடு கிடையாது. பிரீமியம் ஆண்டுக்குப் பெரிய தொகையாக இருக்காது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் எடுத்துவிடுங்கள்.

சரி, 8 லட்சம்? 2 லட்சத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே விடுங்கள். வட்டி குறைவுதான், ஆனால் வெள்ளத்துக்கு மறுநாள் தேவைப்படுவது கையில் எடுக்க முடிகிற பணம்.

வாடகைக்காக முழு மாடி கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கைப்பணம் மொத்தமும் அதே ஆற்றங்கரையில் முடங்கிவிடும். மாடியில் ஓர் அறை மட்டும் போடுங்கள், உங்களுக்காகவே. வெள்ளம் நின்ற அஸ்திவாரம் என்பதால் இன்ஜினீயரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். இன்வெர்ட்டர், பீரோ, பத்திரங்கள் எல்லாம் மேலே போகட்டும். கட்டி முடித்ததும் காப்பீட்டுத் தொகையை உயர்த்திவிடுங்கள். மிச்சம் இருப்பதை மாதாமாதம் ஃபண்டில் போடலாம், அவசரமில்லை.

அப்புறம், இன்றைக்கே ஒவ்வோர் அறையையும் போனில் வீடியோ எடுத்து, வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். நாளை சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயர் கேட்கும்போது காட்ட அதுதான் இருக்கும்.